லோவல்: தண்ணீரை அளந்து விற்ற ஊர்

மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்கு வடமேற்கே 25 மைல் போல, மெரிமாக் ஆற்றங்கரையில் இருக்கிறது லோவல். அமெரிக்காவின் முதல் பெரிய ஆலை நகரம். துணி ஊர் என்றுதான் எல்லாரும் இதை அறிமுகம் செய்வார்கள். நெய்தது துணிதான். ஆனால் எந்த ஆலை எந்த இடத்தில் நின்றது, எத்தனை தறி ஓடியது, வேலைநாள் எவ்வளவு நீண்டது என்று கேட்டுக்கொண்டே போனால் ஒவ்வொரு பதிலும் ஒரு வாய்க்கால் மதகில் போய் நிற்கும். இந்த ஊர் அடிப்படையில் ஒரு தண்ணீர்க் கணக்கு. கணக்குப் பிள்ளையின் பெயர் ஜேம்ஸ் பிரான்சிஸ். தமிழ்நாட்டில் சிவில் படித்த அத்தனை பேரும் அவர் சூத்திரத்தை மனப்பாடம் செய்திருப்பார்கள். அவர் எந்த ஊரில் உட்கார்ந்து அதைக் கண்டுபிடித்தார், யாருக்காக என்பதுதான் பாடத்தில் வராது.

ஊருக்குப் பெயர் தந்த பிரான்சிஸ் கேபட் லோவல் இந்த ஊரைப் பார்க்கவே இல்லை. பாஸ்டன் வியாபாரியான அவர் 1810 முதல் 1812 வரை பிரிட்டனில் இருந்தார். இயந்திரத்தையோ அதன் வரைபடத்தையோ நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக்கூடாது என்று அங்கே சட்டம் இருந்தது. அவர் விசைத்தறியைப் பார்த்து, மனசில் வாங்கிக்கொண்டு திரும்பினார். பால் மூடி என்ற அருமையான மெக்கானிக்கோடு சேர்ந்து 1814-ல் வால்தம் என்ற ஊரில் தறியை ஓட்டிக் காட்டினார். பஞ்சு ஒரு பக்கம் உள்ளே போய், துணியாக மறுபக்கம் வெளியே வரும் ஆலை அமெரிக்காவில் அதுதான் முதல். 1817-ல் 42 வயதில் லோவல் இறந்துவிட்டார்.

வால்தமில் ஓடிய சார்லஸ் ஆற்றின் வீழ்ச்சி சிறியது. ஒரு ஆலை, இரண்டு ஆலை, அதற்கு மேல் தாங்காது. அவருடைய வியாபாரக் கூட்டாளிகளான நேதன் ஆப்பிள்டனும் பேட்ரிக் டிரேசி ஜாக்சனும் வேறு இடம் தேட ஆரம்பித்தார்கள். மெரிமாக்கில் பாடக்கெட் அருவி இருக்கிறதே என்று எஸ்ரா வொர்தன் என்பவர் மூடிக்கு நினைவூட்டினார். ஒரு மைல் தூரத்துக்குள் ஆறு 30 அடிக்கு மேல் இறங்கும் இடம் அது. அருவியைச் சுற்றிப் படகும் மரக்கட்டையும் போக 1796-லேயே ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். 1803-ல் பாஸ்டனுக்கு நேராகவே வேறொரு கால்வாய் திறந்ததும் இதில் வரும்படி போய்விட்டது. 1821-ல் அந்தப் பழைய வாய்க்கால் கம்பெனியின் பங்குகளையும் சுற்றியிருந்த விவசாய நிலத்தையும் சத்தமில்லாமல் வாங்கினார்கள். 1822-ல் மெரிமாக் மேனுஃபேக்சரிங் கம்பெனி, 1823-ல் முதல் துணி, 1826-ல் தனி ஊர், 1836-ல் நகரம். 1826-ல் சுமார் 2,500 பேர் இருந்த இடத்தில் 1850 கணக்கெடுப்பில் 33,383 பேர்.

வாய்க்காலை அகலப்படுத்தியது அயர்லாந்துக்காரர்கள். 1822-ல் ஹியூ கமிஸ்கி என்ற மேஸ்திரி பாஸ்டனை ஒட்டிய சார்ல்ஸ்டவுனிலிருந்து 30 ஆட்களோடு நடந்தே வந்து சேர்ந்தார். மண்வெட்டியும் வெடிமருந்தும் வைத்து அவர்கள் பாறையைப் பிளந்தார்கள். கம்பெனி திட்டம் போட்டுக் கட்டிய ஊரில் அவர்களுக்கு இடம் ஒதுக்கவில்லை. ஓரத்தில் குடிசை போட்டுக்கொண்டார்கள். அந்தப் பகுதிக்கு இன்றும் ஏக்கர் என்றே பெயர்.

இனி கணக்குக்கு வருவோம். தண்ணீரும் நிலமும் லாக்ஸ் அண்ட் கெனால்ஸ் என்ற ஒரே கம்பெனியிடம் இருந்தன. புதிதாக ஆலை கட்ட வருகிறவர்களுக்கு அது தண்ணீரை 'மில் பவர்' என்ற அலகில் விற்றது. வால்தமின் இரண்டாவது ஆலையில் நூல் நூற்கும் கதிர்கள் 3,584 ஓடின. அந்தக் கதிர்களையும், அவற்றுக்கு முந்தைய பஞ்சு இயந்திரங்களையும், பிந்தைய தறிகளையும் ஓட்டத் தேவையான தண்ணீர்தான் ஒரு மில் பவர். விலை கதிருக்கு 4 டாலர், ஆக 14,336 டாலர். இதில் 5,000 டாலரைக் கட்டாமல் நிறுத்தி வைத்து, அதற்குப் பதில் வருஷம் 300 டாலர் வாடகை கட்டலாம். கதிரை வைத்துத் தண்ணீருக்கு விலை போட்டது வேடிக்கையாகத் தெரியலாம். ஆலை முதலாளிக்குப் புரிகிற ஒரே அலகு அதுதான், அதனால் அது எடுபட்டது.

பத்திரத்தில் இதைத் தண்ணீர் மொழியில் எழுதினார்கள்: 30 அடி வீழ்ச்சியில் வினாடிக்கு 25 கன அடி, ஒரு நாளைக்கு 15 மணி நேரம். எல்லா ஆலைக்கும் 30 அடி வீழ்ச்சி கிடைக்கவில்லை. ஆற்றின் இறக்கத்தை வாய்க்கால்கள் இரண்டு படியாகப் பிரித்திருந்தன. மேல்படி ஆலைகளுக்கு 13 அடி, அவை விட்ட தண்ணீரையே மறுபடி எடுக்கும் கீழ்ப்படி ஆலைகளுக்கு 17 அடி. முதலில் வந்த மெரிமாக் கம்பெனிக்கு மட்டும் முழு 30 அடியும் ஒரே தாவலில். வீழ்ச்சி குறைந்தால் அதே சக்திக்கு அதிகத் தண்ணீர் வேண்டும். ஆகவே 13 அடியில் ஒரு மில் பவர் என்றால் 60.5 கன அடி, 17 அடியில் 45.5 கன அடி என்று வைத்தார்கள். பெருக்கிப் பாருங்கள்: 25-ஐ 30-ஆல் பெருக்கினால் 750, மற்ற இரண்டும் சுமார் 787, 774. குறைந்த வீழ்ச்சிக்காரர்களுக்குக் கொஞ்சம் தாராளமாகவே கொடுத்திருக்கிறார்கள்.

25 கன அடி 30 அடி விழுந்தால் கணக்குப்படி 85 குதிரைத்திறன். சக்கரம் அத்தனையையும் எடுக்காது. ஆரம்பத்தில் இருந்தவை பெரிய மரச் சக்கரங்கள். தண்ணீர் சக்கரத்தின் நெஞ்சு உயரத்தில் பெட்டிகளில் விழுந்து, எடையால் சுற்றும். 85-ல் 60 வந்தால் நல்ல சக்கரம். இதன் பெரிய பலவீனம் வெள்ள காலத்தில் தெரியும். ஆறு உயர்ந்தால் ஆலையின் வெளிவாய்க்காலில் தண்ணீர் தேங்கும், சக்கரத்தின் அடிப்பாகம் அதில் முங்கும். ஏறி வருகிற பெட்டிகள் தேங்கிய தண்ணீரையே அள்ளித் தூக்க வேண்டியிருக்கும். ஆற்றில் தண்ணீர் கரைபுரளும்போதுதான் ஆலை நிற்கும். மெரிமாக்கில் ஒவ்வொரு வசந்தத்திலும், மேலே நியூ ஹாம்ப்ஷயரில் பனி உருகும்போது, இது நடந்தது.

யூரியா பாய்டன் இதற்கு வழி கண்டார். பிரான்சிலிருந்து வந்த டர்பைன் யோசனையை எடுத்து, 1844-ல் ஆப்பிள்டன் கம்பெனிக்கு 75 குதிரைத்திறனில் ஒன்று செய்தார். டர்பைன் தண்ணீருக்குள் முங்கியே சுற்றும். அதனால் வெளிவாய்க்காலில் தண்ணீர் தேங்கினால் வீழ்ச்சி குறையுமே தவிர சக்கரம் தடுமாறாது. 1846-ல் அதே கம்பெனி 190 குதிரைத்திறனில் மூன்று கேட்டது. அந்த ஒப்பந்தம் எனக்கு மிகவும் பிடித்தது. திறன், அதாவது தண்ணீரின் சக்தியில் சக்கரம் எடுக்கும் பங்கு, 78 சதவீதம் வந்தால் பாய்டனுக்கு 1,200 டாலர். அதற்கு மேல் ஒவ்வொரு சதவீதத்துக்கும் 400 டாலர். சோதித்தபோது 88 சதவீதம் வந்தது. மொத்தம் 5,200 டாலர் வாங்கிக்கொண்டு போனார். தண்ணீருக்கு நிலையான விலை இருந்ததால்தான் ஒரு சதவீதத்துக்கு 400 டாலர் என்று பேசவே முடிந்தது.

அந்தச் சோதனைக்குக் கணக்குப் பார்த்தவர் பிரான்சிஸ். 1815-ல் இங்கிலாந்தில் பிறந்து, 1833-ல் கப்பலேறி வந்தவர். ஜார்ஜ் வாஷிங்டன் விஸ்லர் என்ற பொறியாளர் அவரை 1834-ல் லோவலுக்கு அழைத்து வந்தார். ஓவியர் ஜேம்ஸ் விஸ்லர் அந்தப் பொறியாளரின் மகன், அதே வருஷம் லோவலில் பிறந்தவர். பிரான்சிஸின் முதல் வேலை, இங்கிலாந்திலிருந்து வந்த ரயில் எஞ்சின் ஒன்றைக் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் அளந்து வரைவது. அதைப் பார்த்து ஊர்ப் பட்டறையிலேயே எஞ்சின் செய்தார்கள். விஸ்லர் போனதும் 1837-ல், 22 வயதில், பிரான்சிஸ் தலைமைப் பொறியாளர் ஆனார். அடுத்த சுமார் 50 வருஷம் லோவலின் தண்ணீர் அவர் கையில்.

ஆலைகள் பெருகியதும் சண்டை வந்தது. யார் எவ்வளவு எடுக்கிறார்கள்? பங்குக்கு மேல் எடுத்தால் கூடுதல் காசு. அதற்கு எல்லாரும் ஒப்புக்கொள்ளும் அளவு வேண்டும். கலிங்கின் மேல், அதாவது வாய்க்காலுக்குக் குறுக்கே வைத்த தடுப்பின் மேல், வழிகிற தண்ணீரை அளப்பதற்குப் பிரான்சிஸ் பெரிய அளவில் சோதனை செய்து 1855-ல் அச்சிட்ட சூத்திரம் இது: கலிங்கின் நீளத்திலிருந்து, பக்கவாட்டில் நீர் ஒடுங்குவதற்காக ஒவ்வொரு முனைக்கும் நீர் உயரத்தில் பத்தில் ஒரு பங்கைக் கழி. மீதியை நீர் உயரத்தின் ஒன்றரை அடுக்கால் பெருக்கி, 3.33-ஆல் பெருக்கு. அளவெல்லாம் அடியில் இருந்தால் விடை வினாடிக்கு இத்தனை கன அடி என்று வரும். மீட்டரில் அளந்தால் 3.33-க்குப் பதில் 1.84. பத்தடிக் கலிங்கில் ஒரு அடி உயரம் தண்ணீர் வழிந்தால், இரு முனைக்கும் சேர்த்து 0.2 கழித்து, 9.8-ஐ 3.33-ஆல் பெருக்கினால் வினாடிக்கு 32.6 கன அடி.

இதில் எல்லாம் அந்த ஒரு அடியை எப்படி அளக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. அரைக்கால் அங்குலம் தப்பினால் விடையில் அரை கன அடி போகும். ஒரு மில் பவரில் ஐம்பதில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 70 கதிருக்கான தண்ணீர். சாதாரண அளவுகோலைத் தண்ணீரில் நிறுத்தினால் தண்ணீர் அதில் ஒட்டி ஏறும், மட்டம் தெரியாது. பாய்டன் இதற்கென்று கொக்கி அளவி செய்திருந்தார். தூண்டில் முள்போல மேல்நோக்கி வளைந்த கூர்முனையைத் தண்ணீருக்குள் முக்கி, திருகைத் திருகி மெல்ல மேலே கொண்டுவர வேண்டும். முனை பரப்பைத் துளைப்பதற்குச் சற்று முன்னால், அதற்கு நேர் மேலே தண்ணீர் ஒரு சிறு பரு போலப் புடைக்கும். வெளிச்சம் அதில் வேறு மாதிரி மின்னும். அப்போது நிறுத்தி, அந்தப் பரு மறையும் அளவுக்கு இறக்கிப் படித்தால் அடியில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை நம்பலாம்.

அளவு கெடுகிற இடங்கள் மூன்று. கலிங்கின் விளிம்புக்குப் பக்கத்தில் அளந்தால் தப்பு. விழப்போகிற தண்ணீர் அங்கே ஏற்கெனவே தாழ்ந்திருக்கும், கணக்கு குறைத்துக் காட்டும். சில அடி பின்னால், அலை அடங்கிய இடத்தில் அளக்க வேண்டும். அடுத்தது, விழுகிற நீர்த்திரைக்குக் கீழே காற்றுப் போக வேண்டும். போகாவிட்டால் திரை சுவரோடு ஒட்டிக்கொண்டு, அதே உயரத்தில் அதிகத் தண்ணீர் வழியும். மூன்றாவது, வாய்க்காலில் தண்ணீர் வேகமாகவே வந்து சேர்ந்தால் அந்த வேகத்தையும் உயரமாக மாற்றிச் சேர்க்க வேண்டும். நீர் உயரம் கலிங்கின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் சூத்திரத்தையே நம்பக்கூடாது.

தினசரி வேலைக்குக் கலிங்கு சரிப்படாது, ஏனென்றால் அது வீழ்ச்சியைத் தின்றுவிடும். அதற்குக் குழாய் மிதவை வைத்திருந்தார்கள். ஆலைக்குத் தண்ணீர் போகும் வழியில் பலகை பதித்த நேர்த்தியான நீண்ட தொட்டி. இரண்டு அங்குலத் தகரக் குழாயின் அடியில் ஈயம் வைத்து, செங்குத்தாக மிதந்து தரையைத் தொடாத அளவுக்குச் சரிசெய்து, அகலத்தின் வெவ்வேறு இடங்களில் ஒவ்வொன்றாக விடுவார்கள். ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு எத்தனை வினாடி என்று பார்ப்பார்கள். குழாய்க்கும் தரைக்கும் இடையே ஓடும் மெதுவான தண்ணீர் கணக்கில் வராததால் வேகம் சற்று அதிகமாகத் தெரியும். அதைக் கழிக்கவும் பிரான்சிஸ் ஒரு திருத்தம் கொடுத்தார்: அந்த இடைவெளி மொத்த ஆழத்தில் எத்தனை பங்கோ அதன் வர்க்கமூலத்திலிருந்து 0.1 கழித்து, 0.116-ஆல் பெருக்கி, 1-லிருந்து கழி. வருவதுதான் குழாய் வேகத்தைப் பெருக்க வேண்டிய எண்.

அவர் பெயரில் இன்று உலகெங்கும் டர்பைன் ஓடுகிறது. மேட்டூர் அணை மின்நிலையத்தில் இருப்பதும் அந்த வகைதான். பாய்டனின் டர்பைனில் தண்ணீர் நடுவிலிருந்து வெளியே பாயும். வேகம் கூடக்கூட மையவிலக்கு விசை இன்னும் அதிகத் தண்ணீரை இழுக்கும். தறியின் சுமை திடீரென்று குறைந்தால் சக்கரம் தறிகெட்டு ஓடப் பார்க்கும். வெளியிலிருந்து உள்ளே பாய விட்டால் அதே விசை தண்ணீரை எதிர்த்துத் தள்ளி, வேகத்தைத் தானே அடக்கும். இந்த உள்பாய்ச்சல் யோசனைக்கு 1838-லேயே சாமுவேல் ஹவுட் காப்புரிமை வாங்கியிருந்தார். பிரான்சிஸ் அதைக் கணக்குப் போட்டுச் செதுக்கி, 1849-ல் பூட் ஆலைக்கு 230 குதிரைத்திறனில் செய்தார். திறன் 80 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. பாய்டனின் 88-ஐ அது எட்டவில்லை. இன்றைய வளைந்த தகடுகள் பின்னால் வந்தவர்கள் சேர்த்தவை. ஆனாலும் செய்ததை அளந்து, அளந்ததை மறைக்காமல் அச்சிட்டுக் கொடுத்ததால் அவர் பெயர் நின்றது. அது நியாயம்தான் என்று நினைக்கிறேன்.

தண்ணீரை இவ்வளவு நுட்பமாக அளந்த ஊர் ஆட்களின் நேரத்தையும் அதே கறாரோடு அளந்தது. 15 மணி நேரத் தண்ணீரை வாங்கிய முதலாளி சக்கரத்தைச் சும்மா நிறுத்தமாட்டான். வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் நியூ இங்கிலாந்துக் கிராமத்துப் பெண்கள். கம்பெனி விடுதியில் தங்கி, மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் சாப்பிட்டார்கள். 1845-ல் மாநிலச் சட்டமன்றக் குழு வெளியிட்ட அட்டவணைப்படி சராசரி வேலைநாள் ஜனவரியில் 11 மணி 24 நிமிடம், ஏப்ரலில் 13 மணி 31 நிமிடம். 1834-ல் கூலியைக் குறைத்தபோது பெண்கள் வெளிநடப்புச் செய்தார்கள். 1836-ல் விடுதிக் கட்டணத்தை ஏற்றியபோது மறுபடியும், முன்னைவிடப் பெரிய கூட்டமாக.

சாரா பேக்லி அவர்களில் ஒருவர். 1844 டிசம்பரில் பெண் தொழிலாளர் சீர்திருத்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் முன்னால் நின்றார். பத்து மணி நேர வேலைநாள் கேட்டு ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கி, 1845 பிப்ரவரியில் சட்டமன்றக் குழு முன் சாட்சி சொன்னார். குழுத் தலைவர் வில்லியம் ஷூலர் லோவலின் பிரதிநிதியேதான். இது சட்டம் தலையிடும் விஷயமில்லை என்று குழு கைகழுவியது. சங்கம் அவருக்கு எதிராகப் பிரசாரம் செய்தது, அவர் அடுத்த தேர்தலில் தோற்றார். அந்தப் பெண்களுக்கு ஓட்டுரிமையே கிடையாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1846-ல் பேக்லி லோவல் தந்தி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். தந்தி அனுப்பிய முதல் பெண்களில் ஒருவர். பெண்களுக்குப் பத்து மணி நேரச் சட்டம் மாசசூசெட்ஸில் வந்தது 1874-ல்தான்.

நெசவுக்கூடத்தில் ஈரம் குறைந்தால் பாவு நூல் அறும். ஆகவே ஜன்னலைத் திறக்கவிடமாட்டார்கள், நீராவியும் விடுவார்கள். அந்தப் புழுக்கத்தில் பஞ்சுத் தூசு மிதக்கும். பாவுக்குக் குறுக்கே ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாவில் தார், அதாவது நூல் சுற்றிய குச்சி, தீர்ந்ததும் புதுத் தார் வைத்து, நூலை நாடாவின் கண் வழியே வெளியே எடுக்க வேண்டும். அதற்கு வேகமான வழி, கண்ணில் வாய் வைத்து உறிஞ்சுவது. நூலோடு தூசும் சாயமும் உள்ளே போகும். அதே நாடாவில் அடுத்த ஷிஃப்ட்காரரும் வாய் வைப்பார். காசநோய் இப்படிப் பரவுகிறது என்று பயந்தார்கள், அந்த நாடாவுக்கு 'சாவு முத்தம்' என்று பேர் வைத்தார்கள். 1911-ல்தான் மாசசூசெட்ஸ் அதைத் தடை செய்தது.

பஞ்சு எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் லோவலைப் பற்றி எழுதக்கூடாது. தென்மாநில அடிமைத் தோட்டங்களிலிருந்து வந்தது. லோவலில் நெய்த முரட்டுத் துணியில் ஒரு பகுதி அதே அடிமைகளுக்கு உடுப்பாகத் திரும்பிப் போனது. அவர்கள் அந்தத் துணிக்கே 'லோவல்' என்று பேர் சொன்னார்கள். 'சாட்டையின் பிரபுக்களும் தறியின் பிரபுக்களும்' கூட்டு என்று 1848-ல் அடிமை முறையை எதிர்த்த அரசியல்வாதி சார்ல்ஸ் சம்னர் பேசியது இந்த ஊர் முதலாளிகளைத்தான். உள்நாட்டுப் போர் வந்ததும் ஆலைகள் கையிருப்புப் பஞ்சை நல்ல விலைக்கு விற்றுவிட்டுக் கதவைச் சாத்தின. அந்தப் போரின் முதல் பலிகளில் இருவர், 1861 ஏப்ரல் 19 அன்று பால்டிமோரில் இறந்த லூதர் லாடும் அடிசன் விட்னியும், லோவல் ஆலைத் தொழிலாளிகள்.

பிறகு பிரெஞ்சுக் கனடாக்காரர்கள், கிரேக்கர்கள், போலந்துக்காரர்கள், போர்ச்சுகீசியர்கள் என்று ஒவ்வொரு அலையாக வந்தார்கள். நீராவியும் மின்சாரமும் வந்ததும் ஆற்றோரம் இருப்பதில் லாபமில்லை, ஆலைகள் கூலி குறைந்த தெற்கே போயின. பூட் ஆலை 1950-களில் மூடியது. 1978-ல் தேசிய வரலாற்றுப் பூங்கா வந்தது. அதற்குப் பாடுபட்ட அரசியல்வாதி பால் சாங்கஸ் கிரேக்கக் குடும்பத்தில் வந்த லோவல்காரர். இன்று பூட் ஆலையின் தரைத்தளத்தில் 88 விசைத்தறிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் சிலதை ஓட்டியும் காட்டுகிறார்கள், காதுக்கு அடைப்பானும் கொடுப்பார்கள். ஈரோடு, சோமனூர் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு அந்தச் சத்தம் புதிதாக இருக்காது.

அங்கே போனால் தறியோடு திரும்பிவிடாதீர்கள். பழைய பாடக்கெட் வாய்க்காலின் தலைமதகுக்குப் போய்ப் பாருங்கள். 1785-ல் மெரிமாக் எவ்வளவு ஏறியது என்று பழைய தகவல்களைத் தேடி எடுத்த பிரான்சிஸ், அதே வெள்ளம் மறுபடி வந்தால் இந்தத் தலைமதகு தாங்காது, வாய்க்கால் வழியே ஆறு ஊருக்குள் புகும் என்று கணக்குப் போட்டார். 27 அடி அகலம், 25 அடி உயரம், 20 டன்னுக்கு மேல் எடை. இப்படி ஒரு பைன் மரக் கதவைச் செய்து, 1850-ல் வாய்க்காலுக்கு மேலே ஒரே ஒரு இரும்பு வளையத்தில் தொங்கவிட்டார். ஏற்றி இறக்கும் இயந்திரம் எதுவும் கிடையாது. ஊரே அதைப் 'பிரான்சிஸின் பைத்தியக்காரத்தனம்' என்றது. இரண்டு வருஷம் கழித்து, 1852 ஏப்ரல் 22 அன்று விடியுமுன், வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தபோது ஒரு ஆள் உளியும் சுத்தியலும் எடுத்து அந்த வளையத்தை வெட்டினார். கதவு விழுந்தது. ஊர் தப்பியது. 1936 மார்ச் வெள்ளத்திலும் அதே கதவை மறுபடி இறக்கினார்கள். அதற்குள் பிரான்சிஸ் இறந்து 43 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.